கைதாகும் உத்தேசம் உள்ளோர் கவனத்திற்கு

இந்த நாட்டில் கைதாகும் உத்தேசம் உள்ளவர்கள் குற்றத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். சின்னக் குற்றம் என்றால் சீக்கிரம் ஜாமீன், பெரிய குற்றம் என்றால் தாமதம் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் சட்டப் புத்தகம் மட்டும் படித்தவர்கள். அவர்கள் கொஞ்சம் செய்தித்தாளும் படிக்க வேண்டும்.

2024 மே 19, விடியற்காலை. புனே நகரில் ஒரு போர்ஷே கார், பைக்கில் போன இரண்டு இளம் பொறியாளர்களை அடித்துக் கொன்றது. ஓட்டியதாகச் சொல்லப்பட்டவன் ரியல் எஸ்டேட் அதிபர் ஒருவரின் 17 வயது மகன். சுமார் 15 மணி நேரத்தில் சிறார் நீதி வாரியம் ஜாமீன் கொடுத்தது. நிபந்தனைகளில் ஒன்று, சாலை விபத்துகளைப் பற்றி 300 சொற்களில் ஒரு கட்டுரை. செத்தவர்கள் இருவர், தலைக்கு 150 சொல். எழுதிப் பிழைக்கிற எனக்கே இந்த விலை மலிவாகத்தான் பட்டது. ஊரே காறித் துப்பியபிறகு பையனைக் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பினார்கள். அவனுடைய ரத்த மாதிரியை மாற்றி வைத்ததாக அரசு மருத்துவமனை டாக்டர்களே கைதானார்கள். ஜூன் மாதம் உயர் நீதிமன்றம் பையனை விடுவிக்கச் சொன்னது.

பையன் வெளியே வந்ததில் எனக்குப் பொறாமை கிடையாது. 17 வயதுப் பிள்ளையைக் கம்பிக்குள் வைத்துத் திருத்த முடியாது என்றுதான் சட்டமும் சொல்கிறது. என் வயிற்றெரிச்சல் வேறு. எழுதியதற்காகவே வருடக்கணக்கில் உள்ளே கிடப்பவர்கள் இந்த நாட்டில் உண்டு. எழுதினால் வெளியே விடுகிறோம் என்று அவர்களிடம் யாரும் பேரம் பேசியதில்லை.

கட்டுரை எழுத வராதவர்களுக்கும் வழி இருந்தது. 2020-இல் மத்தியப் பிரதேசத்தில், பக்கத்து வீட்டுக்குள் புகுந்து ஒரு பெண்ணிடம் தகாத முறையில் நடந்துகொண்டதாகக் குற்றம்சாட்டப்பட்ட ஒருவருக்கு இந்தூர் உயர் நீதிமன்ற அமர்வு ஜாமீன் கொடுத்தது. ரக்ஷா பந்தன் அன்று மனைவியோடும் ஒரு டப்பா இனிப்போடும் அந்தப் பெண்ணின் வீட்டுக்கே போய், ‘எனக்கு ராக்கி கட்டு’ என்று அவர் கேட்க வேண்டும். அண்ணன் முறைக்கு 11,000 ரூபாய் சீர் வைக்க வேண்டும். எந்த வாசலுக்குள் அத்துமீறி நுழைந்ததாக வழக்கோ, அதே வாசலுக்குள் கோர்ட்டு உத்தரவோடு இன்னொரு முறை நுழையலாம். உச்ச நீதிமன்றம் 2021 மார்ச்சில் இந்த நிபந்தனையைத் தூக்கி எறிந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு ராக்கியை அவிழ்க்க ஏழெட்டு மாதம்.

சரி, எந்தக் குற்றத்தைத் தவிர்க்க வேண்டும்? ஆதிவாசிகளுக்காக வழக்குப் போடாதீர்கள். கூட்டத்தில் பேசாதீர்கள். நீங்கள் கேரளத்துப் பத்திரிகையாளராக இருந்து, உத்தரப் பிரதேசத்தில் ஒரு தலித் பெண் கொல்லப்பட்டதைப் பற்றி எழுத ஹாத்ரஸுக்குக் கிளம்பினால் டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள். அப்படி 2020 அக்டோபரில் போன ஒருவர் 2023 பிப்ரவரியில்தான் வெளியே வந்தார். உச்ச நீதிமன்றம் அவருக்கு ஜாமீன் கொடுத்தது 2022 செப்டம்பரில். இடைப்பட்ட மாதங்களில் அவருக்காக இன்னொரு சட்டம் காத்துக்கொண்டிருந்தது.

சாதாரண வழக்கென்றால் நீதிபதி கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் சிலதான். ஆள் ஓடிப்போவானா, சாட்சியைக் கலைப்பானா, வெளியே போய் மறுபடியும் அதையே செய்வானா, குற்றச்சாட்டு எவ்வளவு கனமானது. கிராமத்துப் பஞ்சாயத்துத் தலைவர்கூட இந்தக் கேள்விகளை ஒரு வெற்றிலை போடும் நேரத்தில் கேட்டுவிடுவார். ஜாமீன்தான் விதி, சிறை விலக்கு என்று நீதிபதி கிருஷ்ணய்யர் 1977-லேயே சொல்லிவைத்தார். அன்றிலிருந்து அதைச் சொல்லாத நீதிபதி இல்லை. தீர்ப்பின் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி மாதிரி அது இருக்கும். கடைசிப் பக்கத்தில் மனு தள்ளுபடி என்று இருக்கும்.

ஊபா என்கிற சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் இந்தக் கேள்விகளுக்கெல்லாம் வேலையே இல்லை. 43-டி (5) என்று ஒரு பிரிவு. போலீஸ் கொடுத்த காகிதத்தைப் பார்த்தால் குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மைபோலத் தெரிகிறதா? தெரிந்தால் ஜாமீன் கிடையாது, அவ்வளவுதான். காகிதத்தை எழுதியது யார்? போலீஸ். அதில் பொய் இருக்கிறதா என்று துருவலாமா? கூடாது, ஜாமீன் கட்டத்தில் ஆதாரத்தை எடைபோடக் கூடாது என்று 2019-இல் வட்டாலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மருமகள் கெட்டவள் என்று மாமியார் ஒரு பட்டியல் எழுதிக் கொடுக்க, பஞ்சாயத்து அந்தப் பட்டியலை மட்டும் வாசித்துவிட்டு, ‘எழுத்துப்பிழை இல்லை, ஆகவே மருமகள் கெட்டவள்தான்’ என்று எழுந்து போவதற்குப் பெயர் இந்தச் சட்டத்தில் நீதிவிசாரணை.

இந்தப் பிரிவு 2008 டிசம்பரில், மும்பைத் தாக்குதலின் சூடு ஆறும் முன்னே நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அப்போது உள்துறை அமைச்சர் நம்ம ஊர் ப.சிதம்பரம். 11 வருடம் கழித்து வேறொரு சட்டத்தின் கீழ் அவரே திகார் சிறையில் இருந்து, 106 நாளுக்குப் பிறகு ஜாமீனில் வந்தார். பூட்டுச் செய்கிறபோது சாவியும் தன்னிடம்தான் இருக்கும் என்று எல்லா அரசியல்வாதியும் நம்புகிறார்.

ஊபாவில் ஜாமீன் விதியா விலக்கா என்று உங்களுக்குச் சந்தேகம் வரலாம். 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஓர் அமர்வு, இந்தச் சட்டத்தில் சிறைதான் விதி என்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் இன்னோர் அமர்வு, சிறப்புச் சட்டமானாலும் ஜாமீன்தான் விதி என்றது. ஆகவே ராகு காலம், எமகண்டத்தோடு அமர்வையும் பார்த்துக் கைதாவது நல்லது.

இனி 2020 நவம்பருக்கு வருவோம். நவம்பர் 4 அன்று டிவி செய்தி ஆசிரியர் அர்னாப் கோஸ்வாமி, ஒருவரைத் தற்கொலைக்குத் தூண்டியதாகப் பழைய வழக்கொன்றில் மகாராஷ்டிர போலீசாரால் கைது செய்யப்பட்டார். சில நாளில் தலோஜா சிறைக்கு மாற்றினார்கள். உயர் நீதிமன்றம் கைவிரித்ததும் உச்ச நீதிமன்றம் போனார். நவம்பர் 11 அன்று, தீபாவளி விடுமுறைக் காலத்தில், அமர்வு உட்கார்ந்து கேட்டு அன்றைக்கே வெளியே விட்டது. ஒரு மனிதனின் சுதந்திரம் ஒரு நாள் பறிபோனாலும் அது அதிகம்தான் என்று பிறகு விரிவான தீர்ப்பில் எழுதியது. சத்தியமான வார்த்தை. அந்த ஜாமீனில் ஒரு குறையும் கிடையாது. ஏழு நாள் என்பதே ஜாஸ்திதான்.

அதே தலோஜா சிறையில் அந்த நாட்களில் இன்னொருவர் இருந்தார். திருச்சிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, ஜார்கண்ட் ஆதிவாசிகளோடு வாழப்போன பாதிரியார் ஸ்டான் சுவாமி. நக்சலைட் என்று முத்திரை குத்தி விசாரணையே இல்லாமல் அடைத்துவைத்த ஆதிவாசி இளைஞர்களுக்காக அந்த மாநில உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டவர். அதாவது, ஜாமீன் கிடைக்காதவர்களைப் பற்றிக் கேள்வி கேட்டவர். இதைவிடப் பெரிய குற்றம் ஏது? 2020 அக்டோபர் 8 அன்று பீமா கோரேகான் கலவரத்தையொட்டிய ஊபா வழக்கில் தேசியப் புலனாய்வு முகமையான என்.ஐ.ஏ. அவரை ராஞ்சியில் கைது செய்தது. வயது 83. பார்க்கின்சன் நோய். கை நடுக்கத்தில் தம்ளரைப் பிடிக்க முடியாது.

உடல்நிலையைக் காட்டி இடைக்கால ஜாமீன் கேட்டார். கொரோனாவைச் சாக்காக வைத்துச் சலுகை தேடுகிறார் என்றது என்.ஐ.ஏ. மனு தள்ளுபடி. நவம்பர் 6 அன்று நீதிமன்றத்திடம் ஒரு உறிஞ்சுகுழலும் சிப்பர் தம்ளரும் கேட்டார். கைதின்போது எடுத்துக்கொண்டதைத் திருப்பிக் கொடுங்கள் என்றார். இதற்குப் பதில் சொல்ல என்.ஐ.ஏ. 20 நாள் அவகாசம் கேட்டது. கிடைத்தது. நவம்பர் 26 அன்று வந்து, அப்படி எதையும் நாங்கள் எடுக்கவே இல்லை என்றது. ‘இல்லை’ என்று சொல்ல 20 நாள்.

தேதிகளை மறுபடியும் பாருங்கள். ஒருவர் கைதானது நவம்பர் 4. இன்னொருவர் உறிஞ்சுகுழல் கேட்டது நவம்பர் 6. முதலாமவர் நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போய், வாதாடி, ஜெயித்து, வீட்டுக்குப் போய், டிவியில் உட்கார்ந்து கத்தவும் தொடங்கிவிட்டார். இரண்டாமவரின் உறிஞ்சுகுழல் மனு அப்போதும் வாய்தாவில்தான் இருந்தது. ஒரு நாள் பறிபோனாலும் அதிகம் என்ற அந்தச் சத்தியமான வார்த்தைக்குத் தலோஜாவில் ஒரு கொட்டடியிலிருந்து இன்னொரு கொட்டடிக்கு நடந்துபோகத் தெம்பில்லை.

2021 மார்ச்சில் சிறப்பு நீதிமன்றம் அவருடைய வழக்கமான ஜாமீன் மனுவையும் தள்ளியது. சமூகத்தின் ஒட்டுமொத்த நலனுக்கு முன்னால் இவருடைய முதுமையும் நோயும் எடுபடாதாம். ஓடிப்போவார் என்று பயந்தார்களா? வாய்வரை தண்ணீரைக் கொண்டுபோக முடியாதவர் எந்த எல்லையை ஏறிக் குதிப்பார்? மே மாதம் வீடியோவில் மும்பை உயர் நீதிமன்ற நீதிபதிகளிடம் பேசினார். வரும்போது நடமாட்டமாக இருந்தேன், இப்போது தானாகச் சாப்பிட முடியவில்லை, ஆஸ்பத்திரி வேண்டாம், என் ஜனங்களோடு இருக்க விடுங்கள், இல்லாவிட்டால் இங்கேயே செத்துப்போகிறேன் என்றார். ஜனங்களோடு இருக்க விடவில்லை. ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஜூலை 5 அன்று ஜாமீன் மனு விசாரணைக்கு வந்தது. மனுதாரர் இறந்துவிட்டார் என்று ஆஸ்பத்திரி டாக்டர் நீதிமன்றத்தில் தெரிவித்தார். நீதிபதிகள் அதிர்ச்சி தெரிவித்தார்கள். ஒன்பது மாதம் ஒரு கிழவரை உள்ளே வைத்துக்கொண்டு, செத்ததும் அதிர்ச்சி அடைய இந்த அமைப்பால் எப்படி முடிகிறதோ தெரியவில்லை. அவர் மீதான வழக்கில் அன்றுவரை ஒரு சாட்சிகூட விசாரிக்கப்படவில்லை.

இப்போது புரிந்திருக்கும். கனமான வழக்கு என்றால் ஜாமீன் மனு மீதான விசாரணைதான் விசாரணை. அதன் தள்ளுபடிதான் தண்டனை. அதற்குப் பிறகு வருவதாகச் சொல்லப்படும் விசாரணை, வந்தால் வரும். டெல்லிக் கலவர வழக்கில் ஊபாவின் கீழ் முன்னாள் மாணவர் தலைவர் உமர் காலித் கைதானது 2020 செப்டம்பர். ஐந்து வருடம் முடிய 11 நாள் இருக்கும்போது, 2025 செப்டம்பர் 2 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் அவருக்கு ஜாமீன் மறுத்தது. விசாரணை அதன் இயல்பான வேகத்தில் நடக்கட்டும், அவசர விசாரணை இரு தரப்புக்குமே கேடு என்றும் சொன்னது. அவசரமாம்! அந்த வேகத்தில் ஆமைக்கே மூச்சு வாங்கும். 2026 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் மறுத்தது.

அரசுக்குத் தண்டனைத் தீர்ப்பு தேவையே இல்லை. அமலாக்கத் துறையைப் பாருங்கள். 2014 முதல் பத்தாண்டுகளில் பணமோசடித் தடுப்புச் சட்டத்தில் 5,297 வழக்கு, 40-இல் தண்டனை என்று ஒன்றிய அரசே 2024-இல் மக்களவையில் சொன்னது. 5,297 முறை கதவைத் தட்டி 40 முறை திருடனைப் பிடித்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் சட்டத்தில் ஜாமீன் வேண்டுமானால், ‘இவன் குற்றம் செய்யவில்லை’ என்று நீதிபதி நம்பும்படி நீங்கள்தான் செய்ய வேண்டும். விசாரணை தொடங்கும் முன்பே விடுதலைத் தீர்ப்பு வாங்கி வா, பிறகு ஜாமீன் தருகிறேன் என்பதுதான் 45-ஆம் பிரிவு. உச்ச நீதிமன்றம் 2017-இல் இதைச் செல்லாது என்றது. அரசு திருத்தி ஒட்டவைத்தது. 2022-இல் அதே நீதிமன்றம் செல்லும் என்றது.

அரசு வேலைக்குக் காசு வாங்கியதாகக் குற்றம்சாட்டப்பட்ட தமிழ்நாட்டு அமைச்சர் செந்தில் பாலாஜி இந்தச் சட்டத்தில் 471 நாள் உள்ளே இருந்தார். அத்தனை நாளிலும் அவர் காசு வாங்கினாரா இல்லையா என்ற கேள்வி போட்ட இடத்திலேயே கிடந்தது. விசாரணை இப்போதைக்கு முடியாது என்ற காரணத்துக்காக 2024 செப்டம்பர் 26 அன்று ஜாமீன் வந்தது. 29 அன்று மறுபடியும் மந்திரி ஆனார். சாட்சி சொல்ல வேண்டியவர்கள் இந்த மூன்று நாளில் என்ன நினைத்திருப்பார்கள் என்று தலைமைச் செயலகத்தில் யாரும் யோசிக்கவில்லை. உச்ச நீதிமன்றம் யோசித்தது. பதவியா, வெளியே இருப்பதா என்று கேட்டபிறகு 2025 ஏப்ரலில் ராஜினாமா. குற்றவாளியோ நிரபராதியோ, 471 நாள் தண்டனையும் மூன்றே நாளில் மந்திரி பதவியும் ஒரே ஆளுக்குக் கிடைத்த நாட்டில் ஜாமீனின் அளவுகோல் எது என்று கேட்டால் நான் எங்கே போய்த் தேடுவேன்?

கொலைகாரனையெல்லாம் வெளியே விடச் சொல்கிறீரா என்று கேட்பீர்கள். சாட்சியை மிரட்டக்கூடிய ஆளை உள்ளே வையுங்கள் என்றுதானே முன்னே சொன்ன அந்தக் கேள்விகளே இருக்கின்றன. லக்கிம்பூர் கேரியில் விவசாயிகள் மீது கார் ஏறிய வழக்கில், ஒன்றிய இணை அமைச்சரின் மகனுக்கு நாலே மாதத்தில் உயர் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. செத்தவர்களின் குடும்பத்தைச் சரியாகக் கேட்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்ய வேண்டியிருந்தது. கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் கேட்பதில்லை. பதில் தெரிந்த இடத்தில் ஐந்து வருடம் யோசிக்கிறார்கள்.

கீழ்க்கோர்ட்டு நீதிபதிகளை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை. ஜாமீன் கொடுத்தால் தன்னைக் குறிவைப்பார்களோ என்ற பயத்தில்தான் மாவட்ட நீதிபதிகள் தயங்குகிறார்கள் என்று தலைமை நீதிபதியாக இருந்த சந்திரசூட்டே 2022-இல் சொன்னார். கொடுத்தால், எவ்வளவு வாங்கினான் என்று ஊர் கேட்கும். மேலிடத்துக்கு மொட்டைக் கடிதாசி போகும். மறுத்ததற்காக யாரும் விளக்கம் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. மறுப்பதில் ஆபத்து இல்லை, செலவு இல்லை. செலவு முழுக்க உள்ளே இருப்பவனுடையது. ஊர் என்றால் நாம்தான். கைது என்றதும் குற்றவாளி பிடிபட்டான் என்று பட்டாசு வெடிப்பதும், ஜாமீன் என்றதும் தப்பிவிட்டான் என்று கொதிப்பதும் நம் வீட்டு டிவிக்கு முன்னால்தான் நடக்கிறது.

எல்லாம் கூடிவந்து ஜாமீன் கிடைத்தாலும் ஜாமீன்தாரர் வேண்டும். மோதிராம் என்று ஒரு கொத்தனார். உச்ச நீதிமன்றமே விடச் சொன்னவர். மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார். சகோதரர் நிற்கிறேன் என்றார். சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது, செல்லாது என்று மாஜிஸ்திரேட் அனுப்பிவிட்டார். 1978-இல் கிருஷ்ணய்யர் கடுங்கோபத்தோடு அதை 1,000 ரூபாய் ஆக்கினார். ஷாருக் கான் மகன் ஆர்யன் கான் 2021-இல் போதைப்பொருள் வழக்கில் கைதானபோது ஜாமீன்தாரராக வந்து நின்றவர் நடிகை ஜூஹி சாவ்லா. அவருடைய சொத்து எந்த மாவட்டத்தில் என்பது ஒரு பிரச்சினையாகவே வரவில்லை. அந்தப் பையன் மீது ஆதாரம் இல்லை என்று மறு வருடம் போதைப்பொருள் தடுப்புத் துறையே விட்டுவிட்டது, அது வேறு. நம் ஊர் கோர்ட்டு வாசலில் வீட்டு வரி ரசீதும் ரேஷன் கார்டும் பிடித்துக்கொண்டு, ரத்த சொந்தத்தில் ஒருவரை வெயிலில் நிற்க வைத்திருப்பவர்களைப் பார்த்தால் மோதிராம் இன்னும் வெளியே வரவில்லை என்று தோன்றும். 2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் தீர்ப்பே வராதவர்கள் 4,34,302.

கடைசியாக, தமிழ்நாட்டு வாசகர்களுக்கென்றே தனியாக ஒரு வசதி. டெல்லிக்காரனைத் திட்டிவிட்டு நாம் காலை ஆட்டிக்கொண்டிருக்க முடியாது. இங்கே 1982-இல் வந்த குண்டர் சட்டம் இருக்கிறது. எதிர்க்கட்சியாக இருக்கும்போது அது கறுப்புச் சட்டம். கோட்டைக்குள் போனதும் சட்டம் ஒழுங்கு. 2023 நவம்பரில் செய்யாறு பக்கம் சிப்காட்டுக்கு நிலம் தரமாட்டோம் என்று போராடிய விவசாயிகள் 7 பேர் மீது அது பாய்ந்தது. சத்தம் கிளம்பியதும் 6 பேருக்கு ரத்து. இந்தச் சட்டத்தின் அழகு என்னவென்றால், ஆளை உள்ளே வைக்கும் உத்தரவிலேயே ‘இவர் ஜாமீன் மனு போட்டிருக்கிறார், ஜாமீனில் வெளியே வர வாய்ப்பிருக்கிறது, ஆகவே ஓராண்டு உள்ளே வைக்கிறோம்’ என்று எழுதியிருக்கும். ஜாமீன் கிடைக்கும் என்பதே உள்ளே வைக்கக் காரணம். கிருஷ்ணய்யரே எழுந்து வந்து படித்தாலும் தலைசுற்றி உட்கார்ந்துவிடுவார்.

அறிவுரைக் கழகம் என்று ஒன்று உண்டு. அங்கே வக்கீல் வைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை கிடையாது. பிறகு உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. அது மாதக்கணக்கில் போய், பல நேரம் உத்தரவு ரத்தாகும். அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவுக்காக ரத்தாவது குறைவு. கைதிக்குக் கொடுத்த ஆவணப் புத்தகத்தில் ஒரு பக்கத்தின் நகல் மங்கலாக, படிக்க முடியாமல் இருக்கிறது. அவருடைய கோரிக்கை மனுவுக்குப் பதில் சொல்லத் தாமதம் ஆகிவிட்டது. இவைதான் பெரும்பாலும் கதவைத் திறக்கும். ஆகவே வேறு ஆலோசனையெல்லாம் கிடக்கட்டும். கைதாகும் முன் உங்கள் ஊர் ஸ்டேஷன் பக்கம் ஒரு நடை போய், அங்கே இருக்கிற ஜெராக்ஸ் மெஷினில் மை தீர்ந்துபோயிருக்கிறதா என்று மட்டும் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.